வில்லியனூர்க் கோட்டையும் வால்டேரின் பேனாவும்

பகுத்தறிவு மேடை எந்த ஊரில் போட்டாலும் சில பெயர்கள் தவறாமல் ஒலிக்கும். சாக்ரடீஸ் என்போம், வால்டேர் என்போம், ரூசோ என்போம், இங்கர்சால் என்போம். கைதட்டல் வானைப் பிளக்கும். கூட்டம் கலையும். பாகூர் ஏரிக்கரை வழியே சைக்கிளை மிதித்து வீடு திரும்பும் தோழர்கள், அந்த வால்டேர் என்னதான் செய்தார் என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வார்கள். நியாயமான கேள்வி. பெயரைச் சொல்லிக் கைதட்டலை வாங்கிக்கொண்டு, ஆளைப் பற்றிச் சொல்லாமலே இறங்கிவிடுவது மேடைகளின் பழைய வழக்கம்.

ஆளைச் சொல்வோம். பாரிசிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. வில்லியனூரிலிருந்தே தொடங்கலாம்.

ஆம், வில்லியனூர்தான்! திருக்காமீசுவரர் தேருக்கு ஆளுநரே வந்து வடம் பிடிக்கும் வழக்கம் பிரெஞ்சுக்காரன் காலம் தொட்டு இருக்கிறதே, அதே வில்லியனூர். 1749இல் சந்தா சாகிப், தனக்குப் படை கொடுத்து உதவிய துய்ப்ளேக்சுக்கு நன்றிக்கடனாக வில்லியனூர், பாகூர்ப் பக்கத்துக் கிராமங்களைத் தூக்கிக் கொடுத்தான். கொடுத்தவன் உழுதவனா? வாங்கியவன் உழுதவனா? ஏர் பிடித்தவனை எவரும் கேட்கவில்லை. மூன்றே ஆண்டில், 1752இல், பாகூர் வெளியில் வெள்ளையனும் வெள்ளையனும் மோதிக்கொண்டார்கள். லாரன்சின் ஆங்கிலப் படை பிரெஞ்சுப் படையை முறியடித்தது. 1760 ஜூலையில் வில்லியனூர்க் கோட்டை ஆங்கிலேயர் வசமாயிற்று. 1761 ஜனவரி 16இல் புதுச்சேரியே சரணடைந்தது. வென்றவர்கள் அந்தப் பட்டணத்தைக் கல்லின் மேல் கல் நில்லாமல் இடித்துத் தள்ளினார்கள்.

தோற்ற தளபதியின் பெயர் லாலி. அந்தத் தோல்விக்கு விலையாக ஐந்தாண்டு கழித்துப் பாரிசில் அவன் தலை போயிற்று. போன தலைக்காகப் பேனா பிடித்து வாதாடினார் ஒருவர். அவர் வழக்கறிஞர் அல்ல, உறவினர் அல்ல, கூலி வாங்கியவரும் அல்ல. எழுபது வயது கடந்த கிழவர், எலும்பும் தோலுமான உடம்பு, நாள்தோறும் நோய். ஆனால் அவர் எழுதுகிறார் என்றால் அரண்மனையில் விளக்கு அணையாது, ஆலயத்தில் உறக்கம் வராது. அவர்தாம் வால்டேர்.

பெற்றோர் வைத்த பெயர் வேறு. 1694 நவம்பர் 21இல் பாரிசில் பிறந்த அந்தப் பிள்ளைக்குப் பிரான்சுவா மரி அரூவே என்று பெயர். தந்தை பத்திரம் பதிகிற உத்தியோகம் பார்த்தவர். புதுச்சேரியில் நொத்தேர் என்போமே, அது. மகன் சட்டம் படித்துத் தம்மைப் போல் தாளில் முத்திரை குத்தி வாழட்டும் என்பது தந்தையின் ஆசை. ஏசு சபைப் பாதிரிமார் நடத்திய பெரிய பள்ளியில் சேர்த்தார். அவர்கள் கற்றுக்கொடுத்த நாவன்மையையே பிற்காலத்தில் அவர்கள் மீது திருப்பினான் மாணவன். வாள் செய்து கொடுத்தவன் கழுத்துக்கே வாள் வந்த கதை!

பிரான்சின் நிலை அன்று என்ன? மன்னன் மேலே, மதகுரு அவன் தோளில், பிரபு அவன் மடியில். வரி கட்டும் குடியானவன் மட்டும் காலடியில். எழுத்துக்குத் தணிக்கை, பேச்சுக்குச் சிறை. மன்னனின் முத்திரையிட்ட ஒரு சீட்டு இருந்தால் போதும், விசாரணையின்றி யாரையும் பாஸ்டில் சிறையில் அடைக்கலாம். நாட்டை ஆண்டுகொண்டிருந்த காவல் ஆட்சியாளனைக் கேலி செய்து பாட்டெழுதினான் என்று 1717இல் அந்த இளைஞன் உள்ளே போனான். பதினொரு மாதம். உள்ளே இருந்தபடியே நாடகம் எழுதினான். 1718இல் வெளியே வந்ததும் அது மேடையேறிப் பாரிஸ் நகரமே பாராட்டிற்று. அரூவே மறைந்தான், வால்டேர் பிறந்தார்.

பிரபுக்கள் விருந்துக்கு அழைத்தார்கள். அருகில் அமர்த்தினார்கள். தாமும் அவர்களில் ஒருவர் என்று இளம் வால்டேர் எண்ணிக்கொண்டார். அந்த எண்ணத்தை 1726இல் தடியடி கலைத்தது. ரொவான் என்ற பிரபு குலத்துப் பையன் ஒருவன், இவருடைய பெயரைச் சொல்லிக் குத்திக்காட்டினான். இவரும் சுடச்சுடப் பதில் கொடுத்தார். சில நாளில் ஒரு விருந்து வீட்டு வாசலுக்கு இவரை அழைத்து வரச் செய்து, ஆள் வைத்து அடித்தான். அவனோ வண்டிக்குள் அமர்ந்து வேடிக்கை பார்த்தான். உள்ளே விருந்தில் இருந்த பிரபு நண்பர்கள் ஒருவரேனும் எழுந்து வந்தார்களா? இல்லை. கவிஞன் அடிபட்டது அவர்களுக்குச் சிரிப்பு. வால்டேர் வாட்பயிற்சி பெற்றார், அவனை வாட்போருக்கு அழைக்கப் போனார். அடித்தவனைப் பிடிக்கவில்லை சட்டம். அடிபட்டவரைப் பிடித்து மீண்டும் பாஸ்டிலில் வைத்தது! நாட்டை விட்டுப் போகிறேன் என்று சொன்ன பிறகே விட்டது.

போனார் இங்கிலாந்துக்கு. இரண்டரை ஆண்டு இருந்தார். 1727இல் நியூட்டன் மறைந்தபோது லண்டனில் இருந்தார். மன்னர்கள் துயிலும் மண்டபத்தில் ஒரு கணித மேதையை அடக்கம் செய்து, பிரபுக்கள் அவர் பிணத்தைத் தாங்கிச் சென்றது அவரைத் திகைக்க வைத்தது. பல மதத்தார் ஒரே சந்தையில் நின்று வாணிபம் செய்வதைப் பார்த்தார். எல்லாவற்றையும் எழுதி, நம் நாட்டில் ஏன் இப்படி இல்லை என்று பிரெஞ்சு மக்கள் கேட்கும்படி செய்தார். 1734இல் அந்த நூலைப் பாரிஸ் உயர் நீதிமன்றம் கொளுத்தச் சொன்னது. கொலையாளியின் கையால் கொளுத்தினார்கள். நூலாசிரியர் ஊரை விட்டு ஓடி, எமிலி து சாத்தலே என்ற அம்மையாரின் கிராமத்து மாளிகையில் தங்கினார். அந்த அம்மையார் சாதாரணமானவர் அல்ல. நியூட்டனின் பெருநூலைப் பிரெஞ்சில் பெயர்த்த அறிவுச் செல்வி. 1749இல் பிள்ளைப்பேற்றுக்குப் பின் மறைந்தார்.

ஒன்றைத் தோழர்கள் கவனிக்க வேண்டும். வால்டேர் பணம் சேர்த்தார். அரசாங்கம் நடத்திய லாட்டரிச் சீட்டில் கணக்குத் தவறு இருப்பதை 1729இல் ஒரு கணித நண்பர் கண்டுபிடிக்க, சட்டத்தை மீறாமலே சீட்டுகளை அள்ளினார்கள். வட்டிக்குக் கொடுத்தார், அதுவும் பிரபுக்களுக்கு! பேனா பிடிப்பவன் பிரபுவின் பந்தியில் கையேந்தினால் பேனா வளையும் என்று தடியடி அவருக்குக் கற்றுக் கொடுத்திருந்தது. பிரெஞ்சுக் கும்பினியிலும் அவர் பணம் இருந்தது. ஆம், புதுச்சேரியில் கொடி நாட்டியிருந்த அதே கும்பினி. இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

பிரஷ்ய மன்னன் பிரெடரிக் அழைத்தான் என்று 1750இல் போனதும், மூன்றே ஆண்டில் மனக்கசப்போடு திரும்பியதும் நீண்ட கதை. தத்துவம் பேசும் மன்னனும் மன்னன்தான் என்று தெரிந்துகொண்டார், அவ்வளவே. 1755 நவம்பர் 1இல் லிஸ்பன் நகரம் நிலநடுக்கத்தில் இடிந்தது. கிறித்தவர்களின் பெருவிழா நாள். ஆலயங்களில் கூட்டம் நிறைந்திருந்த வேளை. தொழுதுகொண்டிருந்தவர்கள் மேலேயே கூரை விழுந்தது. பாவத்தின் சம்பளம் என்றனர் பாதிரிமார். நடப்பதெல்லாம் நன்மைக்கே என்றனர் சில தத்துவவாதிகள். தொட்டில் குழந்தை செய்த பாவம் என்ன என்று கேட்டார் வால்டேர். அந்தக் கேள்வியே 1759இல் காந்தீது என்ற கதையாக வந்து அய்ரோப்பாவைச் சிரிக்க வைத்தது. சிரித்தவர்களைச் சிந்திக்க வைத்தது.

அதற்குள் சுவிஸ் எல்லையோரம் பெர்னே என்ற குக்கிராமத்தை விலைக்கு வாங்கியிருந்தார். பிரான்சிலிருந்து ஆள் வந்தால் அந்தப் பக்கம் தாண்டலாம். அந்தப் பக்கம் தொல்லை என்றால் இந்தப் பக்கம் வரலாம்! சேற்று நிலத்தை வடித்தார். வீடுகள் கட்டினார். கடிகாரத் தொழிலாளிகளை வரவழைத்துப் பட்டறை வைத்துக் கொடுத்து, செய்த கடிகாரங்களை ரஷ்ய அரசி வரை விற்றுக் கொடுத்தார். சில குடிசைகள் இருந்த இடத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட மக்கள் வாழும் ஊர் எழுந்தது. கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டுகளும் ஒரே தெருவில் குடியிருந்தார்கள். ஒரு மாதா கோயிலைக்கூட இடித்துப் புதிதாகக் கட்டினார்! வால்டேரை நாத்திகர் என்று முழங்குவோர் திருத்திக்கொள்ள வேண்டிய இடம் இது. அவர் கடவுளை மறுத்தவர் அல்ல. கடவுளின் பெயரால் கல்லா கட்டுவோரையும் கழுத்தறுப்போரையும் மறுத்தவர்.

இவ்வளவும் செய்து, எழுதிக் குவித்து, பொருளும் புகழும் சேர்த்து, அறுபத்தேழு வயதில் ஓய்வெடுத்திருக்கலாம். யார் குறை சொல்லப் போகிறார்கள்? அந்த வயதில்தான் வால்டேரின் உண்மையான வாழ்க்கை தொடங்குகிறது என்போம் நாம்.

துலூஸ் நகரில் ழான் கலாஸ் என்று ஒரு துணி வியாபாரி. புராட்டஸ்டண்டு. கத்தோலிக்க ஊரில் சிறுபான்மை. 1761 அக்டோபர் 13 இரவு, அவருடைய மூத்த மகன் கடைக்குள் பிணமாகக் கிடந்தான். தெருவில் கூட்டம் கூடிற்று. கூட்டத்தில் எவனோ ஒருவன் ஒரு பொய்யை வீசினான்: பையன் கத்தோலிக்கனாக மாற இருந்தானாம், அப்பனே கொன்றுவிட்டானாம். சாட்சி இல்லை. கண்டவர் இல்லை. ஆனால் ஊர் முழுக்க நம்பிற்று. பிணத்துக்கு விழா எடுத்தார்கள், புனிதனாக்கினார்கள். அறுபது வயதைத் தாண்டிய அந்தக் கிழவரை 1762 மார்ச் 10இல் சக்கரத்தில் கட்டி, கை கால் எலும்புகளை இரும்புத் தடியால் நொறுக்கி, கழுத்தை நெரித்து, எரித்தார்கள். கடைசி மூச்சு வரை நான் கொல்லவில்லை என்றே சொல்லிச் செத்தார்.

செய்தி பெர்னேக்கு வந்தது. வால்டேர் உடனே முழக்கம் எழுப்பினாரா? இல்லை. முதலில் அவர் நம்பவுமில்லை. மதவெறி பிடித்த தந்தை மகனைக் கொன்றிருக்கலாமே, எல்லா மதத்திலும்தான் வெறியர் உண்டே என்று எண்ணினார். பிறகு விசாரித்தார். ஜெனிவாவுக்குத் தப்பி வந்திருந்த கலாசின் இளைய மகனை வரவழைத்துக் கேள்வி மேல் கேள்வி கேட்டார். துலூசுக்குக் கடிதங்கள் எழுதினார். ஐயம் தீர்ந்த பிறகுதான் பேனாவை எடுத்தார். எடுத்தபின் மூன்றாண்டு கீழே வைக்கவில்லை. அமைச்சருக்கு ஒரு கடிதம், அரசிக்கு ஒரு கடிதம், பாரிஸ் வழக்கறிஞர்களுக்குப் பணம், கலாசின் மனைவிக்குப் பாரிசில் தங்க இடம். 1763இல் சகிப்புத் தன்மை பற்றி ஒரு நூல். 1765 மார்ச் 9இல், நாற்பது நீதிபதிகள் ஒருமனதாகக் கலாஸ் குற்றமற்றவர் என்றார்கள். எரிந்த சாம்பல் எழுந்து வராது. ஆனால் மனைவி மக்கள் தலை நிமிர்ந்து தெருவில் நடக்க முடிந்தது.

நம் பக்கத்தையும் பார்ப்போம். கலாஸ் வழக்குக்குப் பதிமூன்றாண்டு முன்பு, 1748 செப்டம்பரில், புதுச்சேரியில் வேதபுரீசுவரர் கோயிலைத் துய்ப்ளேக்ஸ் ஆட்சி இடித்துத் தரைமட்டமாக்கியது. பாதிரிமார் நெடுநாள் கேட்டுக்கொண்டிருந்தது, முற்றுகைக் குழப்பத்தைச் சாக்காக வைத்து நடந்தேறியது. கோயிலுக்காகக் கண்ணீர் விடும் கூட்டம் அல்ல நாம். எனினும் ஒருவன் கும்பிடும் இடத்தை மற்றொருவன் படைபலத்தால் இடிப்பதற்குப் பகுத்தறிவு என்று பெயர் இல்லை. வால்டேரின் 1763ஆம் ஆண்டு நூலைப் படித்தவர்க்கு அது விளங்கும்.

ஒரு வழக்கு வென்றார் என்றதும் ஊர் ஊராக வழக்குகள் அவர் வாசலுக்கு வந்தன. சிர்வேன் என்ற இன்னொரு புராட்டஸ்டண்டு. மகள் கிணற்றில் விழுந்து இறந்ததற்காகத் தாய்க்கும் தந்தைக்கும் தூக்கு என்று 1764இல் தீர்ப்பு. ஓடி வந்தவர்களுக்கு அடைக்கலம் தந்து, 1771இல் விடுதலை வாங்கித் தந்தார். சாவுத் தீர்ப்புச் சொல்ல இரண்டு மணி நேரம் போதுமாயிருந்தது. அதை மாற்ற ஏழாண்டு ஆயிற்று.

1766இல் அபெவில் என்ற ஊரில் லா பார் என்று இருபது வயது இளைஞன். சாமி ஊர்வலம் போனபோது தொப்பியைக் கழற்றவில்லை, கேலிப்பாட்டுப் பாடினான் என்பது வழக்கு. ஜூலை 1இல் தலையை வெட்டி உடலை எரித்தார்கள். அவன் அறையில் கிடந்த வால்டேரின் தத்துவ அகராதியையும் அதே தீயில் போட்டார்கள். நூலுக்கு வைத்த தீ எழுதியவருக்கும் வைத்த குறி என்று புரிந்து, வால்டேர் சில காலம் எல்லை தாண்டிப் போய் இருந்தார். வீரர்தான், ஆனால் வீணில் சாக விரும்பாத வீரர்.

அந்த இளைஞனின் சாவுத் தீர்ப்பை உறுதி செய்த பாரிஸ் நீதிமன்றம்தான், அதற்கு ஒரு மாதம் முன்பு லாலிக்கும் தலையை வாங்கியது. நீதிபதி நாற்காலியை விலை கொடுத்து வாங்கி, தகப்பனுக்குப் பின் மகன் என்று அமர்ந்திருந்த மன்றம் அது!

லாலி நல்லவனா? புதுச்சேரி மண்ணில் நின்றுகொண்டு அப்படிச் சொல்ல நமக்கு நாக்கு வராது. 1758 ஏப்ரலில் வந்திறங்கினான். கடலூர்க் கோட்டை மேல் படையெடுக்க வண்டி மாடு கிடைக்கவில்லை. சாதி பார்க்காமல் ஊர் மக்களைப் பிடித்துச் சுமை தூக்க வைத்தான், வண்டி இழுக்க வைத்தான். சமத்துவ உணர்ச்சி அல்ல; மாட்டுப் பஞ்சம்! தஞ்சை மன்னனிடம் பழைய கடன் பாக்கி கேட்டுப் படை நடத்தினான். வழியில் கீவளூர்க் கோயிலைத் துருவினான், புதையல் இருக்கும் என்று. கோயில் பணியாளர் சிலரை ஒற்றர் என்று சொல்லிப் பீரங்கி வாயில் வைத்துச் சுட்டான். தஞ்சையும் கிடைக்கவில்லை, சென்னையும் கிடைக்கவில்லை. 1760 ஜனவரி 22இல் வந்தவாசியில் முதுகெலும்பு முறிந்தது. புதுச்சேரிக்குள் ஒடுங்கினான், ஆங்கிலேயர் வளைத்தார்கள்.

முற்றுகையில் அரிசி தீர்ந்துகொண்டு வந்தது. 1760 நவம்பர் இறுதியில், பட்டணத்தில் மீந்திருந்த தமிழ் மக்கள், ஆணும் பெண்ணும் பிள்ளையுமாகச் சுமார் 1400 பேரை, தின்னும் வாய் குறையட்டும் என்று கோட்டைக்கு வெளியே தள்ளிக் கதவை அடைத்தான். எதிரே ஆங்கிலப் படை. அது தாண்டவிடாமல் திருப்பி விரட்டிற்று. திரும்பி வந்தால் பிரெஞ்சுக்காரன் சுட்டான். இரண்டு துப்பாக்கி வரிசைக்கு நடுவே, நாள் கணக்கில், புல்லையும் வேரையும் பிடுங்கித் தின்று கிடந்தார்கள். அதன் பிறகே ஆங்கிலேயர் வழி விட்டனர். அக்காலத்தை நாள்தோறும் குறித்து வைத்த ஆனந்தரங்கப் பிள்ளையும் சரணாகதிக்குச் சில நாள் முன்பு, 1761 ஜனவரியில், கண்ணை மூடினார்.

சிறைப்பட்டு லண்டன் போன லாலி, பாரிசில் தன்னைத் துரோகி என்று பேசுகிறார்கள் என்று கேட்டு, தானே அனுமதி வாங்கிக்கொண்டு வந்தான். வந்தவனைப் பாஸ்டிலில் போட்டார்கள். குற்றம் சாட்டியவர்கள் யார்? புதுச்சேரியில் கும்பினிப் பணத்தைச் சுருட்டியவர்கள் என்று லாலியால் திட்டு வாங்கிய உத்தியோகஸ்தர்கள். புதுச்சேரி ஏசு சபைத் தலைவராயிருந்த லவோர் பாதிரியார் இரண்டு ஏடு எழுதி வைத்திருந்தாராம்: ஒன்று லாலியைப் புகழ்ந்து, ஒன்று இகழ்ந்து. காற்று அடிக்கும் பக்கம் எதுவோ அந்த ஏடு வெளிவரும்! அவர் பாரிசில் இறந்தபோது அகப்பட்டது இகழ்ந்து எழுதியது. அதுவும் நீதிமன்றத்துக்குப் போயிற்று. மன்னனுக்கும் அரசுக்கும் கும்பினிக்கும் கேடு செய்தான் என்று 1766 மே 6இல் தீர்ப்பு. மே 9இல், வாய் திறந்து பேசிவிடுவான் என்று வாயில் துணியும் கட்டையும் திணித்து, குப்பை வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய் வெட்டினார்கள்.

லாலியின் முரட்டுக் குணத்தை வால்டேர் முன்பே நேரில் அறிந்தவர். அவனைப் பிடிக்கும் என்று சொன்னவர் அல்ல. ஆனால் முரடன் வேறு, துரோகி வேறு. பிடிக்காதவனுக்கும் நீதி உண்டு என்பதை எத்தனை பேர் வாயளவிலாவது ஒப்புவார்கள்? வால்டேர் ஏடுகளைத் தேடினார், எண்ணிக்கைகளைத் தேடினார், 1773இல் இந்திய நடப்புகளையும் லாலியின் சாவையும் பற்றி ஒரு நூலே எழுதினார். மிளகுக்கும் மெல்லிய துணிக்கும் கல்லுக்கும் ஆசைப்பட்டு அய்ரோப்பியன் கடல் தாண்டிப் போய் இரத்தம் சிந்தியதை அதில் இடித்துரைத்தார். கும்பினியில் பணம் போட்டவர் எழுதியது என்பதால் நமக்கு வியப்பு. எழுதினார் என்பதால் மதிப்பு.

தந்தை வெட்டுப்பட்டபோது லாலியின் மகனுக்கு வயது 15. யாருடைய பிள்ளை என்பதே அதுவரை அவனுக்கு மறைக்கப்பட்டிருந்தது. பெரியவனானதும் தந்தையின் மேல் விழுந்த பழியைத் துடைக்கப் புறப்பட்டான். வால்டேர் துணை நின்றார்.

நாம் இங்கே நின்று ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. புல் தின்று கிடந்த அந்த 1400 பேருக்கு எந்த நீதிமன்றம் கூடிற்று? பாரிசில் படியேறிச் சாட்சி சொன்னவர்கள் கும்பினி ஆட்களும் படை அதிகாரிகளும். வேலிக்கு வெளியே கிடந்தவர்களின் பெயர்கூட எவர் ஏட்டிலும் இல்லை. லாலிக்கு ஒரு வால்டேர் கிடைத்தார். அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

இன்னொரு புதுச்சேரிக் கதையும் உண்டு. அதில் வால்டேர் ஏமாந்தார். 1760இல் புதுச்சேரியிலிருந்து திரும்பிய மொதாவ் என்ற அதிகாரி, எசூர் வேதம் என்ற பெயரில் ஒரு கையெழுத்துப் படியைப் பரிசாகக் கொடுத்தார். விக்கிரக வணக்கத்தைக் கண்டித்து, ஒரே கடவுளைப் பேசும் நூல். வால்டேருக்கு ஆனந்தம்! பைபிளுக்கு முன்பே இந்தியாவில் தூய அறிவு இருந்தது பாரீர் என்று பாதிரிமாரின் தலையில் அடிக்க நல்ல தடி கிடைத்தது. 1761இல் அரசாங்க நூலகத்தில் அதைப் பத்திரமாகச் சேர்த்தார். தம் நூல்களில் எடுத்தாண்டார். அந்த வேதத்தை எழுதியவர் யார்? பாதிரியார்தான்! இந்துக்களை மெல்ல மதம் மாற்றுவதற்காக வேதம் போல் செய்து வைத்த ஏடு. 1782இல் சொன்னரா என்ற பயணி உண்மையை உடைத்தார். திருக்குறளுக்கு உரை கண்டவரும், தென்னிந்திய மொழிகள் தனிக் குடும்பம் என்று 1816இலேயே நிறுவியவருமான எல்லிஸ், புதுச்சேரிப் பாதிரிமார் நூலகத்தில் அந்த ஏடுகளை ஆராய்ந்து எழுதியது, அவர் மறைந்தபின் 1822இல் அச்சாயிற்று. நமக்கு வேண்டியதைச் சொல்கிறது என்பதற்காகவே ஓர் ஏட்டை நம்பிவிடும் ஆசை பகுத்தறிவாளரையும் விடுவதில்லை.

வேறு குறைகளும் உண்டு. யூதரைப் பற்றியும் கறுப்பு மக்களைப் பற்றியும் அவர் எழுதிய சில பக்கங்களைப் படிக்கக் கூசும். உழுகிறவனுக்கு எழுத்தறிவு எதற்கு என்று நண்பருக்குக் கடிதம் எழுதியவர் அவர். ஆலைத் தோழர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். பாமர மக்கள் மேல் நம்பிக்கை வைத்தவர் ரூசோ, வால்டேர் அல்லர். ஆனால் அதே கிழவர்தான், பெர்னேக்கு அருகே மலைநாட்டில் சேன் குளோத் மடத்துக்கு அடிமைகளாய்க் கிடந்த குடியானவர்களுக்காக 1770 முதல் மனு மேல் மனு எழுதினார். மடத்து நிலத்தில் ஓராண்டு குடியிருந்தவன் அடிமை. அவன் செத்தால் மடம் சொத்தைச் சுருட்டும். அந்த வழக்கில் தோற்றார். அவர் மறைந்து பதினோராண்டு கழித்து, 1789இல், புரட்சிதான் அந்த விலங்கை உடைத்தது.

1778 பிப்ரவரியில், எண்பத்து மூன்று வயதில், ஏறத்தாழ முப்பது ஆண்டு கழித்துப் பாரிசுக்கு வந்தார். நாடக அரங்கில் அவர் சிலைக்கு மாலை சூட்டினார்கள். தெருவில் கூடிய மக்களோ நாடகாசிரியர் என்று சொல்லவில்லை. கலாஸ் குடும்பத்தைக் காத்தவர் என்றே சுட்டிக்காட்டினார்கள். மே மாதம் படுக்கையில் விழுந்தார். நினைவு தப்பித் தப்பி வந்தது. அந்த நிலையில் செய்தி வந்தது: லாலி மீதான தீர்ப்பை மன்னரின் மன்றம் நீக்கிவிட்டது! கிழவர் விழித்தார். மே 26இல் லாலியின் மகனுக்குச் சில வரிகள் சொல்லி எழுதச் செய்தார். அதுவே அவர் கடைசிக் கடிதம். அந்தச் செய்தியை ஒரு தாளில் எழுதி, எல்லோர் கண்ணிலும் படும்படி அறைத் திரைச்சீலையில் குத்தி வைக்கச் சொன்னார். நான்கு நாளில், மே 30இல், மூச்சு நின்றது.

பாரிசில் புதைக்க இடமில்லை என்றனர் மதகுருமார். உறவினர்கள் பிணத்துக்கு உடை மாட்டி, உயிரோடு இருப்பவர் போல் வண்டியில் உட்கார வைத்து, இரவோடிரவாகக் கொண்டுபோய், அக்காள் மகன் பொறுப்பில் இருந்த செலியேர் மடத்தில் அடக்கம் செய்தார்கள். கூடாது என்று மேற்றிராணியார் அனுப்பிய உத்தரவு வந்து சேர்ந்தபோது மண் மூடியாயிற்று. உயிரோடு இருந்தபோது எல்லை தாண்டித் தப்பியவர், இறந்த பிறகும் ஒருமுறை தப்பினார்!

லாலி வழக்கு அவர் எண்ணியபடி முடியவில்லை. மறு விசாரணைக்கு ரூவான் நகருக்குப் போயிற்று. எதிர்த்து நின்று வாதாடியவர் தெப்ரமெனில். 1745இல் நம் புதுச்சேரியிலேயே பிறந்தவர், லாலியோடு பகைத்திருந்த புதுச்சேரி ஆளுநர் லேரியின் அண்ணன் மகன். பிறகு திழோன் நீதிமன்றத்துக்குப் போய், 1783இல் அது லாலி குற்றவாளியே என்று மீண்டும் சொன்னது. அதே 1783இல் வெர்சேல்சில் ஆங்கிலேயனும் பிரெஞ்சுக்காரனும் எழுதிக்கொண்ட உடன்படிக்கையில், வில்லியனூர், பாகூர் என்று பெயர் குறித்து, இந்த ஊர்களை மீண்டும் புதுச்சேரிக்குச் சேர்த்தார்கள்.

1791 ஜூலை 11இல் புரட்சி அரசு வால்டேரின் எலும்புகளைத் தோண்டி எடுத்து, பாஸ்டில் இடிந்து கிடந்த இடத்தில் ஓரிரவு வைத்திருந்து, பல்லாயிரவர் புடைசூழப் பாந்தியோன் மண்டபத்துக்குக் கொண்டு சென்றது. பேழையின் பக்கத்தில், அவர் யார் யாருக்காக வாதாடினார் என்று எழுதியிருந்தார்கள். கலாஸ், லா பார், சிர்வேன், மொம்பாயி என்று நான்கு பெயர். லாலியின் பெயர் அதில் இல்லை.